சைகோன் எந்த நாட்டில் இருக்கிறது? பழைய காகிதத்திலுள்ள நாட்டுப் பெயரைப் படிக்க ஒரு வழிகாட்டி

போன ஆடி மாதம் ஓர் அம்மா மஞ்சள் பையில் மூன்று காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றும் அவருடைய மாமியாருடையவை. முதலாவது 1938-இல் எழுதிய பிறப்புப் பதிவின் நகல். ஊதா மை முத்திரையில் ‘சைகோன், கொச்சின்சீன்’ என்று இருந்தது. இரண்டாவது 1957-ஆம் ஆண்டுத் தாள். அதில் ‘சைகோன், வியட்நாம் குடியரசு’. மூன்றாவது எண்பதுகளில் பென்ஷன் விஷயமாக வந்த கடிதம். பிறந்த இடம் என்ற வரிக்கு எதிரே ‘ஹோ சி மின் நகரம், வியட்நாம்’.

“அவங்க ஒரே வீட்டுலதானே சார் பொறந்தாங்க? மூணு நாடு எப்படி வரும்? இதுல எது சரி?” என்று கேட்டார்.

மூன்றும் சரி என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. ஏனென்றால் ஓர் அலுவலகத்தில் அவர் கொடுத்த மனுவை, ‘பிறந்த நாடு ஒத்துப்போகவில்லை’ என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி உண்டு. சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில், சைகோன், ஆப்பிரிக்கா. கடலூர்ப் பக்கம் பர்மா, மலேயா, சிலோன். காரைக்கால் பக்கம் போனால் ரெயூனியன் தீவு. நம் தாத்தா பாட்டிகள் போய் வந்த பல நாடுகள் இன்று அந்தப் பெயரில் இல்லை. நாடுகள் ஏன் பெயர் மாற்றுகின்றன, எப்படி மாற்றுகின்றன என்று தெரிந்துகொண்டால் இந்தக் காகிதங்களைப் படிப்பது கைவந்துவிடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் என்னிடம் வருவதுண்டு. பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு வரிசை எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். அது வேண்டாம். ஒரு பெயரைக் கண்டதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், விவரம் தானாக மனத்தில் தங்கும்.

முதலில், இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு காகிதத்துக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: அதில் எழுதியிருக்கும் பெயர், தேதி, எந்த மொழி, எந்த அலுவலகம் கொடுத்தது. இன்றைய பெயரை இப்போதே எழுதிவிடாதீர்கள். தெரிந்த பெயராக இருந்தாலும் பொறுங்கள். நம் கண் தெரிந்த பெயரைத்தான் முதலில் பார்க்கும்; தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கொச்சின்சீனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியைப் படித்துவிட்டு “கேரளத்துக் கொச்சியா?” என்று கேட்டவர்கள் பலர். அந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. போர்த்துகீசியர் மலாய் மாலுமிகள் சொன்ன பெயரைக் கேட்டு அந்தக் கரையைக் கொச்சி என்பதுபோல எழுதினார்கள். இந்தியாவிலும் ஒரு கொச்சி இருந்ததால், வேறுபடுத்திக் காட்ட அதோடு சீனாவின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அப்படி வந்ததுதான் கொச்சின்சீனா. பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்கள் தெற்கு வியட்நாமுக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

காகிதத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். முத்திரை மங்கியிருந்தால் தாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். லேமினேஷன் மட்டும் போடவே போடாதீர்கள். சூடு பட்ட பழைய மையை மீட்க முடியாது. ஒட்டிய பிளாஸ்டிக்கையும் பிரிக்க முடியாது.

அது நாடுதானா என்று பாருங்கள்

காகிதத்தில் இருப்பது ஊர்ப் பெயரா, மாநிலமா, குடியேற்ற நாடா, அல்லது பல நாடுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டையா? பிரெஞ்சிந்தோசீனா அப்படி ஒரு மூட்டை. 1887-இல் கொச்சின்சீனா, அன்னாம், தொங்கின், கம்போடியா ஆகியவற்றைச் சேர்த்து அந்த ஒன்றியத்தை அமைத்தார்கள்; லாவோஸ் 1893-இல் சேர்ந்தது. இன்று நாம் வியட்நாம் என்கிற நாடு அன்றைய பிரெஞ்சுக் காகிதங்களில் கொச்சின்சீனா, அன்னாம், தொங்கின் என்று மூன்று துண்டாகக் கிடக்கிறது. வியட்நாம் என்ற பெயர் அதற்கெல்லாம் முந்தையது, 1804-இலேயே அரசர் சியா லோங் காலத்தில் வழக்குக்கு வந்தது. ஆகவே 1945-க்குப் பிறகு அந்தப் பெயர் எழுந்தபோது புதிதாக எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பறிபோன பெயரைத் திரும்ப எடுத்தார்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால் நான் ஒருமுறை தவறு செய்தேன். ஒரு சொல்தாவின் பணிப் புத்தகத்தில் ‘சூடான்’ என்று பார்த்ததும், நைல் நதி ஓடுகிற சூடான் என்றே அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன். பிரெஞ்சுப் படை அங்கே என்ன செய்தது என்று இரவெல்லாம் யோசித்த பிறகுதான் உறைத்தது. அது பிரெஞ்சு சூடான், இன்றைய மாலி. 1958-இல் சூடானியக் குடியரசு என்று பெயர் மாறி, செனகலோடு சேர்ந்து மாலிக் கூட்டாட்சியாகி, செனகல் பிரிந்துபோன பிறகு 1960 செப்டம்பர் 22-இல் மாலிக் குடியரசு ஆனது. மறுநாளே அந்த வீட்டுக்குப் போய்த் திருத்திச் சொன்னேன். அவர் நின்ற ஊர் நைல் நதிப் பக்கம் இல்லை, நைஜர் ஆற்றங்கரையில் என்றதும், பேத்தி உடனே வரைபடத்தைப் புரட்டிப் புள்ளி வைத்துக்கொண்டாள். கினி, கொங்கோ, சூடான் ஆகிய மூன்று பெயர்களைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இருந்த பெயர், இருக்கிற பெயர்.

பெயர் மாறியதா, சொல்லுகிற மொழி மாறியதா?

எல்லா நாட்டுக்கும் குறைந்தது இரண்டு பெயர் உண்டு. உள்ளே இருப்பவர்கள் சொல்வது ஒன்று. வெளியே இருப்பவர்கள் சொல்வது இன்னொன்று. ஜெர்மானியர் தங்கள் நாட்டை டாய்ச்லாந்து என்கிறார்கள். ஹங்கேரிக்காரர்கள் தங்கள் நாட்டை மொஜரோர்சாக் என்கிறார்கள். ஃபின்லாந்து உள்ளூரில் சுவோமி. நாமும் வெளியாருக்குப் பெயர் வைத்தவர்கள்தான்: கடாரம், சாவகம், நக்கவாரம், யவனம். பெயர் மாற்றம் என்று செய்தியில் வருவதில் பெரும்பகுதி, வெளிப்பெயரை எடுத்துவிட்டு உள்பெயரை உலகத்தின் வாயில் வைக்கிற வேலை.

பாரசீகத்தார் தங்கள் நாட்டை நெடுங்காலமாக ஈரான் என்றுதான் சொல்லி வந்தார்கள். 1935 மார்ச் மாதத்திலிருந்து பிற நாடுகளும் அப்படியே எழுத வேண்டும் என்று அவர்களுடைய அரசு கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. 1989 ஜூனில் பர்மாவின் ராணுவ அரசு ஒரு சட்டம் போட்டு மியான்மர் ஆக்கியது; ரங்கூன் யாங்கோன் ஆனது. பர்மிய மொழியில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஒன்று பேச்சு வழக்கு, மற்றது எழுத்து வழக்கு. ஆனால் முந்தைய ஆண்டுதான் தெருவில் இறங்கிய மக்களைச் சுட்டு அடக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட அரசு கேட்காமல் வைத்த பெயர் என்பதால் அதைச் சொல்ல மறுத்தவர்கள் பலர். பெயரின் பொருளைவிட அதை வைத்தது யார் என்பதே அங்கே பெரிதாயிற்று. நம் ஊரில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்கிற தள்ளுவண்டிக்காரர் இன்றும் பர்மா அத்தோ என்றுதான் எழுதி வைக்கிறார். அவருடைய பெற்றோர் புறப்பட்டு வந்த நாட்டின் பெயர் அது.

தமிழருக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது, தனிக் குழப்பமும் இருக்கிறது. 1972 மே 22-இல் சிலோன் ஸ்ரீலங்கா குடியரசாயிற்று. உலகம் முழுக்க அச்சுக் கட்டைகளை மாற்றினார்கள். தமிழில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்னும் இலங்கை, பின்னும் இலங்கை. பட்டினப்பாலைக் காலத்து ஈழமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த வானொலியைப் பாருங்கள். அறிவிப்பாளர் தெளிவாக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று சொல்லுவார். கேட்டுக்கொண்டிருக்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் “சிலோன் ரேடியோவ வை” என்பார்கள். சயாமும் அப்படித்தான். 1939-இலேயே அது தாய்லாந்து ஆகிவிட்டது. 1942, 43-இல் மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் மாண்ட அந்த ரயில் பாதையைச் சட்டப்படி தாய்லாந்து ரயில் என்றுதான் சொல்ல வேண்டும். நம் மக்கள் நினைவில் அது சயாம் மரண ரயிலாகவே நிற்கிறது. சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. பெற்றவர்கள் வாயில் கேட்ட பெயரைச் சொன்னார்கள். (போர் முடிந்ததும் 1945-இல் சயாம் என்று திரும்பி, 1949-இல் மறுபடி தாய்லாந்து ஆனது. ஆகவே 1947-ஆம் ஆண்டுக் காகிதத்தில் சயாம் என்று இருந்தால் அது பழக்கப் பிழை இல்லை.)

ஏன் மாற்றினார்கள்?

இதைக் கேட்காமல் தேதியை மட்டும் படித்தால் ஒன்றும் தங்காது.

விடுதலை பெற்றதும் மாற்றியவை அதிகம். வெள்ளைக்காரன் வைத்த பெயர்களைக் கவனியுங்கள்; அவன் அங்கே எதற்குப் போனான் என்று அவையே சொல்லிவிடும். தங்கம் எடுக்கப் போன இடம் தங்கக் கரை. தந்தம் வாங்கிய இடம் தந்தக் கரை. செசில் ரோட்ஸ் என்ற சுரங்க முதலாளியின் பெயரில் ரொடீசியா. அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று அந்தப் பெயர்களில் ஒரு சொல்லும் இல்லை. தங்கக் கரை 1957 மார்ச் 6-இல் கானா ஆனது. பழைய கானாப் பேரரசு இருந்தது அந்த மண்ணில்கூட இல்லை, வடமேற்கே வெகுதூரத்தில், இன்றைய மாலி, மொரித்தேனியா பக்கம். ஆனாலும் ஆப்பிரிக்கர்கள் அரசாண்ட ஒரு பெயரை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். ரொடீசியா 1980 ஏப்ரல் 18-இல் ஜிம்பாப்வே. ஷோனா மொழியில் கல் வீடுகள் என்று பொருள். சாந்து இல்லாமல் கல் அடுக்கிக் கட்டிய பழைய நகரம் ஒன்று அங்கே நிற்கிறது. வட ரொடீசியாவின் கதை இன்னும் நேரானது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் வட ரொடீசியா என்று அணிவகுத்தவர்கள், நிறைவு விழா நடந்த அக்டோபர் 24 அன்று ஜாம்பியா என்ற பலகையோடு நடந்தார்கள். விடுதலை நாளும் அதுவே.

எனக்கு மிகவும் பிடித்தது புர்கினா ஃபாசோ. பிரெஞ்சுக்காரர்கள் அதை மேல் வோல்ட்டா என்றார்கள். வோல்ட்டா ஆற்றின் மேல்பகுதி, அவ்வளவுதான் அந்த மக்களுக்குக் கிடைத்த அடையாளம். 1984 ஆகஸ்ட் 4-இல் தோமா சங்காரா அரசு வைத்த பெயரில் முதல் சொல் மோரே மொழியிலிருந்து வந்தது, நேர்மை தவறாதவர்கள் என்று பொருள். இரண்டாவது டியூலா மொழிச் சொல், தந்தை வீடு. அந்நாட்டு மக்களைப் புர்கினாபே என்பார்கள், அதன் விகுதி ஃபுலா மொழியுடையது. மூன்று மொழிக்காரர்களும் தங்கள் சொல்லை நாட்டின் பெயரில் காணலாம். பெயர் வைப்பதென்றால் இப்படி வைக்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

பக்கத்து நாடான தஹோமேயில் வேறு சிக்கல். அது தெற்கே இருந்த ஓர் அரசின் பெயர். வடக்கே இருப்பவர்களுக்கு அது தங்கள் பெயர் அல்ல. 1975 நவம்பர் 30-இல் யாருக்கும் சாராத பெயராகக் கடற்கரை வளைகுடாவின் பெயரை எடுத்து பெனின் என்று வைத்தார்கள். பழைய பெனின் அரசு இருந்தது நைஜீரியாவில். சொல்தா வீட்டுக் காகிதங்களில் தஹோமே வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஆட்சி கவிழ்ந்ததும் பெயரும் கவிழ்கிற நாடுகள் இன்னொரு வகை. கம்போடியா 1970-இல் கெமர் குடியரசு, பிறகு ஜனநாயகக் கம்பூச்சியா, 1979-இல் கம்பூச்சிய மக்கள் குடியரசு, 1989-இல் கம்போடிய அரசு, 1993-இல் மறுபடி முடியரசு. ஆனால் கம்போடியா, கம்பூச்சியா, நம் பழந்தமிழ்க் காம்போசம் எல்லாம் ஒரே சொல்தான். முன்னும் பின்னும் ஒட்டிய சொற்கள்தான் மாறுகின்றன. ஆகவே அந்தக் காகிதத்தில் நீள்பெயரைப் படியுங்கள். எந்த ஆட்சிக் காலம் என்று தேதி இல்லாமலே தெரிந்துவிடும். கொங்கோவை அதன் அதிபர் மொபூட்டு 1971-இல் ஜயீர் ஆக்கினார். வெள்ளைக்காரன் சாயல் இல்லாத சொந்தப் பெயர் என்றார்கள். உண்மையில் ‘ஆறு’ என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லைப் போர்த்துகீசியர் தவறாகக் கேட்டு எழுதியதுதான் ஜயீர். 1997 மே மாதம் அவர் வீழ்ந்ததும் அந்தப் பெயரும் போயிற்று.

சேர்ந்ததாலும் பிரிந்ததாலும் வந்தவை எளிது. தங்கனீக்காவும் சான்சிபாரும் 1964-இல் சேர்ந்து இரண்டின் முதல் எழுத்துகளால் தான்சானியா. மலேயா 1963 செப்டம்பர் 16-இல் சபா, சரவாக், சிங்கப்பூரோடு சேர்ந்து மலேசியா. கிழக்கு வங்கம் 1955-இல் கிழக்குப் பாகிஸ்தான், 1971-இல் வங்காளதேசம்.

பக்கத்து நாட்டுக்காரர் ஆட்சேபித்து மாறியது மாசிடோனியா. கிரேக்கத்திலும் மாசிடோனியா என்று ஒரு பகுதி உண்டு. அலெக்சாண்டர் பிறந்த மண் என்று அவர்கள் உரிமை கொண்டாடுகிறவர்கள். யுகோஸ்லாவியா உடைந்து புதிய நாடு அதே பெயரோடு வந்ததும் ஒப்பவில்லை. 1993-இல் ஐ.நா.வில் ‘முன்னாள் யுகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்ற தற்காலிகப் பெயரில்தான் சேர்த்தார்கள். ஆங்கில அகர வரிசைப்படி உட்கார வைப்பதில் அந்த நீள்பெயரின் ‘தி’யைக் கணக்கில் எடுத்து, தாய்லாந்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். கால் நூற்றாண்டு இப்படிப் போனது. 2018 ஜூன் 17-இல் பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாடுகளும் கையெழுத்திட்டு, 2019 பிப்ரவரி 12 முதல் வட மாசிடோனியா. திசையைக் குறிக்கிற ஒரு சொல்லைச் சேர்த்ததால்தான் நேட்டோ ராணுவக் கூட்டணியின் கதவு திறந்தது. 2020-இல் உறுப்பு நாடானார்கள்.

கடைசியாக, பிறர் வாயில் தன் பெயர் கெடுகிறதே என்று மாற்றுகிறவர்கள். ஸ்வாசிலாந்து மன்னர் மூன்றாம் ம்ஸ்வாட்டி, விடுதலை பெற்று 50 ஆண்டு நிறைந்த 2018-இல் எஸ்வாட்டினி என்று அறிவித்தார். வெளிநாட்டார் எப்போதும் சுவிட்சர்லாந்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன ஒரு காரணம். துருக்கி 2022-இல் துர்க்கியே என்று எழுதச் சொன்னது. ஆங்கிலத்தில் அந்தப் பழைய பெயர் வான்கோழிக்கும் பெயர் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தந்தக் கரை என்று நாம் மொழிபெயர்க்கிற நாடு, தன் பெயரை எந்த மொழியிலும் பெயர்க்கக் கூடாது, கோத் திவ்வார் என்றே எழுத வேண்டும் என்று 1985-இல் முடிவெடுத்தது.

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். என் எண்ணம் இது. ‘துருக்கி’யில் எந்தப் பறவையும் இல்லை, அது நம் மொழியில் நெடுநாளாக மரியாதையோடு வழங்குகிற பெயர், இருக்கட்டும். ஆனால் ஐவரி கோஸ்ட் என்று ஆங்கிலத்தை அப்படியே எடுத்து எழுதுவதைவிட கோத் திவ்வார் என்று அவர்கள் சொல்வதை எழுதுவதே முறை. அந்த ஒலி புதுச்சேரிக்காரர்களுக்குக் கடினமும் இல்லை.

எப்படி மாற்றுகிறார்கள்?

இதை வெளிநாட்டில் போய்ப் பார்க்க வேண்டாம், நம் ஊரையே பார்க்கலாம். 1967 ஜூலை 18-இல் சட்டப்பேரவை தமிழ்நாடு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன் 1956-இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்திருந்தார். தீர்மானம் மட்டும் போதாது. நாடாளுமன்றம் 1968-இல் பெயர் மாற்றச் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14 முதல் நடைமுறை. புதுச்சேரிக்கும் அதே வழி: 2006-இல் பெயர் மாற்றச் சட்டம், அக்டோபர் 1 முதல் அமல். தமிழில் நாம் எப்போதும் புதுச்சேரிதான், புதுவைதான். மாறியது ஆங்கிலத்தில் எழுதுகிற பாண்டிச்சேரி. ஆக, தீர்மானம், சட்டம், நடைமுறைக்கு வரும் தேதி என்று மூன்று நாள்கள் எப்போதும் உண்டு. எந்தத் தேதியை எழுதுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

நாடு என்றால் உள்நாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளியுலகுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஐ.நா. பொதுச் செயலாளருக்கு ஒரு முறையான கடிதம். துருக்கியின் வெளியுறவு அமைச்சர் எழுதிய கடிதம் 2022 ஜூன் தொடக்கத்தில் கிடைத்தது, கிடைத்த அன்றே நடைமுறைக்கு வந்ததாக ஐ.நா. சொல்லிவிட்டது. ஐ.நா. இதில் அனுமதி கொடுப்பதில்லை, பதிவு செய்கிறது. மாசிடோனியாவுக்கு நேர்ந்தது சேர்க்கையின்போது வந்த தகராறு. அது விதிவிலக்கு.

அதன் பிறகு குறியீடுகள். நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறது ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச தர அமைப்பு. பர்மாவின் பி.யூ. போய் எம்.எம். வந்தது, ஜயீரின் இசட்.ஆர். போய் சி.டி. வந்தது. ஆனால் எஸ்வாட்டினிக்கு இன்றும் பழைய எஸ்.இசட். இருக்கிறது. வட மாசிடோனியாவின் ஒப்பந்தத்தில் எழுத்தெழுத்தாகப் பேசியிருக்கிறார்கள்: குறியீடு எம்.கே. அப்படியே, வண்டி நம்பர் பலகையில் மட்டும் என்.எம். அல்லது என்.எம்.கே. பழைய பெயர் அச்சிட்ட பாஸ்போர்ட்டுகளுக்கு ஐந்தாண்டு அவகாசம். 2024 பிப்ரவரி 12-க்குப் பிறகு அவை செல்லவில்லை. நம் விமான நிலையக் குறியீட்டில் பி.என்.ஒய். என்று பாண்டியின் ‘என்’ இன்னும் இருக்கிறது. வண்டிப் பலகையின் பி.ஒய். இரண்டு பெயருக்கும் பொருந்திவிட்டதால் அதற்கு வேலையே வைக்கவில்லை.

இந்தியா, பாரதம் பற்றியும் கேட்பார்கள். அரசமைப்பின் முதல் பிரிவே ‘இந்தியா, அதாவது பாரதம்’ என்று இரண்டையும் சொல்கிறது. இரண்டில் எதை எழுதினாலும் பெயர் மாற்றம் ஆகாது. ஒன்றை எடுத்துவிட வேண்டுமானால் அரசமைப்பைத் திருத்த வேண்டும்.

பயிற்சிக்கு உங்கள் ஊர்

முதல்முறை தாத்தா காகிதத்தில் கை வைக்காதீர்கள். சொந்த ஊரில் பழகுங்கள். கடலூர்க்காரர் என்றால் குண்டு உப்பலவாடியில் தொடங்கலாம். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் தங்களுக்கு என்று எல்லை வகுத்தார்கள். அந்தக் குண்டு இன்றும் ஊர்ப் பெயரில் இருக்கிறது. புதுச்சேரிக்காரர் என்றால் நேரு வீதியில் நில்லுங்கள். பிரெஞ்சுக் காலத்தில் அது துய்ப்ளெக்ஸ் வீதி. உங்கள் பாட்டியின் பிறப்புப் பதிவைப் பாருங்கள். 1954 நவம்பர் 1-க்கு முன் என்றால் ‘இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள்’ என்றிருக்கும். ஆட்சி அன்றே கைமாறினாலும் சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். நடுவில் உள்ள அந்த எட்டு ஆண்டுக் காகிதங்களில் எந்த மொழி, எந்த முத்திரை என்று கவனிக்கப் பழகிவிட்டால், சைகோன் காகிதம் பயமுறுத்தாது.

இனி நோட்டில் எழுதலாம்

விதி ஒன்றே: சம்பவம் நடந்த நாளில் அந்த இடத்துக்கு என்ன பெயரோ அதை முதலில் எழுதுங்கள், இன்றைய பெயரை அடைப்புக்குறியில் சேருங்கள். பழைய தாளில் பேனாவால் எதையும் திருத்தக் கூடாது. விண்ணப்பம் நிரப்பும்போது அந்த அலுவலகம் வைத்திருக்கும் நாட்டுப் பட்டியலைக் கேட்டு, அதில் உள்ள இன்றைய பெயரைக் குறியுங்கள். பழைய பெயர் உள்ள நகலோடு, இரண்டும் ஒரே இடம் என்று விளக்கி ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். அந்தக் கடிதத்தில் தேதிகள் இருக்கட்டும்.

மஞ்சள் பை அம்மாவுக்கு நாங்கள் எழுதியது இதுதான்: ‘சைகோன், கொச்சின்சீனா, பிரெஞ்சிந்தோசீனா (1955 அக்டோபர் முதல் வியட்நாம் குடியரசு, 1976 ஜூலை 2 முதல் ஹோ சி மின் நகரம், வியட்நாம் சோஷலிசக் குடியரசு)’. மூன்று காகிதமும் அந்த ஒரே வரிக்குள் வந்துவிட்டன. அந்த வரியையும் மூன்று நகல்களையும் வைத்து மறுபடி கொடுத்தார், இந்த முறை வாங்கிக்கொண்டார்கள்.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன். வீட்டில் அந்த இடத்தை வாயால் என்ன சொன்னார்கள் என்பதற்கு. காகிதத்தில் அது இருக்காது. கேட்டவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். அவருடைய மாமியார் கடைசிவரை அந்த நாட்டை வியட்நாம் என்றோ இந்தோசீனா என்றோ சொன்னதில்லையாம். “அங்க” என்பாராம். “அங்க இருந்தப்ப” என்று ஆரம்பித்தால் சைகோன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். ‘அங்க’ என்றே அந்தக் கட்டத்தில் எழுதினார்.